மஞ்சள் காலிபரா, சிவப்பு காலிபரா?

கேள்வி: ஐயா, வணக்கம். நான் கோவைக்காரன், வயது 44, சொந்தமாகச் சின்ன நூற்பாலை. பல வருட ஆசை, இப்போதுதான் ஒரு பழைய போர்ஷே 911 வாங்கத் துணிந்திருக்கிறேன். இரண்டு கார் பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டும் கரேரா எஸ், ஒரே வருடம், ஓடிய கிலோமீட்டரும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்றில் சிவப்பு காலிபர், இரும்பு டிஸ்க். மற்றதில் மஞ்சள் காலிபர், கார்பன்-செராமிக் டிஸ்க். மஞ்சளுக்கு நான்கு லட்சம் கூடுதலாகக் கேட்கிறார்கள். புதிதாக அந்த பிரேக்குக்கு ஆகிற செலவைப் பார்த்தால் இது சும்மா கிடைக்கிற மாதிரி என்கிறார் என் மச்சான். மாதம் ஒருமுறை வால்பாறையோ ஊட்டியோ போவேன். வருடத்துக்கு நாலைந்து முறை செட்டிபாளையத்தில் இருக்கிற கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் ட்ராக்கில் ஓட்டுவேன், ஒருமுறை சென்னைப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கில். போன முறை இப்போதைய காரில் எட்டாவது சுற்றில் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விட்டது. உயிரே போய்த் திரும்பியது. அதிலிருந்து, பிரேக்கில் மட்டும் காசு பார்க்கக் கூடாது என்று தோன்றுகிறது. செராமிக் எடுத்தால் கார் சீக்கிரம் நிற்குமா? மலை இறங்கும்போது பாதுகாப்பா? எதை எடுக்கட்டும்?
— பெயர் வேண்டாம் என்று கேட்ட வாசகர், கோவை

பதில்: சிவப்பை எடுங்கள்.

இதை ஒரு வரியில் முடித்திருக்கலாம். ஆனால் காரணம் தெரியாமல் வாங்கினால், மூன்று மாதம் கழித்து யாராவது ‘ஏனுங்க, மஞ்சள் கிடைச்சும் விட்டுட்டீங்களாமே’ என்று கேட்கும்போது உங்களுக்கு வயிறு எரியும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். நீங்கள் ட்ராக் பக்கமே போகாதவர், ஞாயிற்றுக்கிழமை காலையில் அவிநாசி ரோட்டில் ஒரு சுற்று, மாதம் ஒரு மலைப் பயணம், அவ்வளவுதான் என்று எழுதியிருந்தால் மஞ்சளை எடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். ஊரில் எல்லோரும் நினைப்பதற்கு இது நேர் எதிர். ‘ட்ராக்குக்குப் போறவனுக்குத்தான் செராமிக்’ என்பார்கள். முப்பது வருடம் பிரேக் சோதனை அறையில் டிஸ்க்கைச் சுழலவிட்டுப் பழுக்கக் காய்ச்சியவன் என்ற முறையில் சொல்கிறேன், கதை அப்படி இல்லை.

முதலில் அந்த எட்டாவது சுற்றுக்கு வருவோம். உங்கள் கேள்வி முழுக்க அங்கேதான் பிறந்திருக்கிறது.

பெடலை மிதித்தால் பிரேக் ஆயில் அந்த அழுத்தத்தைக் காலிபர் என்ற கவ்விக்குக் கொண்டு போகும், காலிபர் பேட் என்ற கட்டைகளால் சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைப் பிடிக்கும். அது கைவிடுவதில் இரண்டு விதம் உண்டு. ஒன்றில் பெடல் கல் மாதிரி கெட்டியாகவே இருக்கும், ஆனால் எவ்வளவு மிதித்தாலும் கார் வழுக்கிக்கொண்டே போகும். அது பேட் அளவுக்கு மீறிச் சூடேறிப் பிடிப்பை இழந்தது. இன்னொன்றில் பெடல் இளகிக் கீழே போகும், இரண்டு மூன்று தடவை பம்ப் அடித்தால் கொஞ்சம் மேலே வரும். அது பிரேக் ஆயில் கொதித்தது. நூற்பாலைக்காரர் பஞ்சு என்று எழுதினால் அது பஞ்சாகத்தான் இருந்திருக்கும், எனவே உங்களுக்கு நடந்தது இரண்டாவது. காலிபருக்குள் இருந்த ஆயில் கொதித்து ஆவிக் குமிழி கட்டிவிட்டது. திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். உங்கள் கால் அமுக்கியது அந்தக் குமிழிகளைத்தான், பேட் இருக்கிற இடத்திலேயே இருந்தது.

கடையில் வாங்குகிற டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தர விதி. ஆனால் இந்த ஆயிலுக்கு ஒரு குணம் உண்டு. ஊறுகாய் ஜாடியை மூடாமல் வைத்த மாதிரி, காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல மெல்லக் குடித்துக்கொண்டே இருக்கும். ஈரம் ஏறிய ஆயிலிடம் அதே விதி எதிர்பார்ப்பது வெறும் 155 டிகிரி. இரண்டுக்கும் நடுவே 75 டிகிரி போய்விட்டது, கண்ணால் பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. அதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். உங்கள் காரில் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. சர்வீஸ் பில்லை எடுத்துப் பாருங்கள். மூன்று வருடம், நான்கு வருடம் என்று இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

இதில் செராமிக் டிஸ்க் உங்களைக் காப்பாற்றியிருக்குமா? காப்பாற்றியிருக்காது. அந்த டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் குழாயிலும் ஓடுவது இதே ஆயில்தான். செராமிக் டிஸ்க் இரும்பைவிட அதிகமாகவே சூடேறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏன் என்று கீழே வருகிறது.

சரி, சீக்கிரம் நிற்குமா என்ற கேள்வி. வேகமாகப் போய் ஒரே ஒரு தடவை ஓங்கி மிதித்து நிறுத்துகிறீர்கள் என்று வையுங்கள். இரண்டு காரும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் நிற்கும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கிற ஏபிஎஸ் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்றால், சக்கரத்தைப் பூட்டிவிடும் அளவுக்குப் பிரேக்குக்கு ஏற்கெனவே தெம்பு இருக்கிறது என்று அர்த்தம். அதற்கு மேல் காரை நிறுத்துவது டயருக்கும் தாருக்கும் நடுவில் இருக்கிற பிடிமானம். கரேரா எஸ்ஸின் இரும்பு பிரேக் முன்னாலும் பின்னாலும் 350 மில்லிமீட்டர் டிஸ்க், முன் காலிபரில் பேடைத் தள்ளுகிற பிஸ்டன் ஆறு. அது டயரின் பிடிமானத்தைத் தாராளமாகத் தோற்கடிக்கும். நான்கு லட்சத்துக்கு நிற்கும் தூரத்தைக் குறைக்க வேண்டும் என்றால் நல்ல டயராக வாங்கிப் போடுங்கள், பாதிப் பணம் மிச்சமாகும்.

ஆக, ஒரு தடவை நிறுத்துவதில் இரண்டுக்கும் பேதமில்லை. பேதமெல்லாம் திரும்பத் திரும்ப நிறுத்துவதில், அதாவது சூட்டில். மலை பற்றிக் கேட்டிருக்கிறீர்களே, ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஆளும் சாமானும் சேர்த்து கார் 1,600 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் வரை இறங்கினால் ஏறக்குறைய 1,900 மீட்டர் இறக்கம். அந்த இறக்கத்தில் கார் விடுகிற சக்தி சுமார் 30 மெகாஜூல். இப்போது கரி ட்ராக்குக்கு வாருங்கள். 160 கிலோமீட்டர் வேகத்தில் வந்து 80-க்குக் குறைக்க ஒரு தடவை மிதித்தால் 1.2 மெகாஜூல் அளவுக்குச் சூடாக மாறும். ஒரு சுற்றுக்கு மூன்று தடவை அப்படி மிதித்தாலே பத்துச் சுற்றில் 36. அதாவது ஊட்டி மலை முழுக்க இறங்குவதைவிட அதிகம். வித்தியாசம் என்னவென்றால், மலை இறங்க ஒன்றரை மணி நேரம் ஆகும், அதில் பெரும்பங்கைக் கியரில் இறக்கினால் எஞ்சினே வாங்கிக்கொள்ளும். ட்ராக்கில் அவ்வளவும் பன்னிரண்டு பதின்மூன்று நிமிடத்தில் பிரேக் தலையில் விழும். அது ஆறுவதற்கு நேர்க்கோடு கிடைப்பதும் சொற்பம், 2.1 கிலோமீட்டர் ட்ராக்கில் எவ்வளவு நேர்க்கோடு இருந்துவிடப் போகிறது.

இதை எழுதக் காரணம், மலைக்காக நீங்கள் செராமிக் வாங்க வேண்டாம் என்று சொல்லத்தான். வால்பாறையின் நாற்பது கொண்டை ஊசி வளைவும் இரும்பு டிஸ்க்குக்கு ஒரு பொருட்டே இல்லை, நீங்கள் கியரைக் குறைத்து இறங்குகிறவராக இருந்தால். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்குகிற கல்லட்டி மலையில் வெளியூர் வண்டிகளைக் கீழே இறங்கவே விடுவதில்லை, தெரியும்தானே. அங்கே நடந்த விபத்துகளில் பாதிக்கு மேல் மோசமான டிஸ்க்கால் நடந்ததாக நான் நம்பவில்லை. சமவெளிப் பழக்கத்தில் டாப் கியரிலேயே காரை விட்டுவிட்டு, 36 வளைவும் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் எந்த டிஸ்க்காக இருந்தாலும் நாறும். உங்கள் 911-ல் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இடது பக்கம் ஒரு சின்னத் துடுப்பு இருக்கும், அதைத் தட்டினால் கியர் குறையும். மலைக்கான பிரேக் அதுதான், காசு ஏற்கெனவே கொடுத்தாயிற்று.

இப்போது செராமிக்குக்கு வருகிறேன். அது மட்டமான சாமான் என்று நான் சொல்வதாக நினைக்காதீர்கள். பிரேக் தொழிலில் நான் பார்த்த மிக அழகான பொருள் அது. இரும்பு டிஸ்க்கை மணல் அச்சில் ஊற்றி, ஆறவிட்டு, லேத்தில் போட்டுக் கடைந்தால் வேலை முடிந்தது. செராமிக் டிஸ்க்குக்கு நறுக்கிய கார்பன் இழையைப் பிசினில் கலந்து அச்சில் அழுத்துவார்கள். அதைக் காற்றுப் படாத உலையில் வைத்துக் கரியாக்குவார்கள். அப்போது உள்ளே நுண்ணிய துளைகள் விழும். 1,414 டிகிரியில் உருகும் சிலிக்கானை அந்தத் துளைகளுக்குள் உறிஞ்ச விடுவார்கள். சிலிக்கான் கரியோடு சேர்ந்து சிலிக்கான் கார்பைடு ஆகும், சாணைக்கல்லில் இருக்கிற அதே பொருள். ஒரு டிஸ்க் பிறந்து வர வாரக்கணக்கில் ஆகும். விலை அங்கேதான் ஏறுகிறது. போர்ஷே இதை 2001-ல் 911 ஜிடி2 காரில் எல்லாருக்கும் சேர்த்தே கொடுத்தது. பிரேக் செய்கிற பிரெம்போவும் கார்பன் பொருள் செய்கிற எஸ்ஜிஎல் கார்பனும் 2009-ல் சேர்ந்து நடத்தத் தொடங்கிய நிறுவனம் ஜெர்மனியின் மைட்டிங்கனிலும் இத்தாலியின் ஸ்டெட்ஸானோவிலும் இவற்றைச் செய்கிறது. ஃபார்முலா 1 காரில் இருப்பதும் இதுதான் என்று யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள். அது முழுக்க முழுக்கக் கார்பன், சூடேறினால்தான் பிடிக்கும். காலையில் பால் வாங்கப் போகிற காருக்கு ஆகாது.

செராமிக்கில் என்ன நன்மை? எடை. அதே அளவு இரும்பு டிஸ்க்கில் பாதிதான் இருக்கும். சக்கரத்தோடு சேர்ந்து சுழல்கிற, ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்குகிற எடை குறைந்தால் குண்டும் குழியுமான ரோட்டில் சக்கரம் தரையை விடாமல் ஒட்டிக்கொண்டு போகும், ஸ்டியரிங் லேசாகும். இது கையில் உணரக்கூடிய வித்தியாசம், ஏமாற்று இல்லை. அப்புறம், துரு. மழையில் ஒரு ராத்திரி நின்ற காரின் இரும்பு டிஸ்க் காலையில் குங்குமம் பூசின மாதிரி நிற்கும், செராமிக் நிற்காது. சக்கரத்தில் கறுப்புத் தூசியும் மிகக் குறைவு. சாதாரண ரோட்டில் ஓட்டினால் அந்த டிஸ்க் காரின் ஆயுள் முழுக்கக்கூட வரும். குறை என்று பார்த்தால், குளிர்ந்திருக்கும்போது சில நேரம் கீச்சிடும், கார் கழுவியதும் முதல் மிதிக்கு ஒரு கணம் யோசிக்கும். சகித்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் கூட்டிப் பாருங்கள். லேசான ஸ்டியரிங், துருவில்லை, தூசியில்லை, நீண்ட ஆயுள். எல்லாமே ரோட்டில் ஓட்டுகிறவருக்குக் கிடைக்கிற சுகம்.

ட்ராக்கில் நடப்பது வேறு. ஒரு கிலோ இரும்பை ஒரு டிகிரி சூடேற்ற ஏறக்குறைய அரை கிலோஜூல் வேண்டும். செராமிக்குக் கிலோவுக்கு அதைவிடக் கணிசமாக அதிகம் வேண்டும், ஆனால் எடை பாதிதானே. மொத்தத்தில் அந்த டிஸ்க்குக்குச் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் வயிறு சிறியது. அதே மிதிக்கு அது அதிகச் சூடேறும். அதனால்தான் உங்கள் மஞ்சள் காரில் முன் டிஸ்க் 410 மில்லிமீட்டர், சிவப்பில் 350. அழகுக்காக மட்டும் பெரிதாக்கவில்லை.

அந்தச் சூட்டைச் செராமிக் தாங்கும், வளையாது, இரும்பு மாதிரி வெடிப்பு விடாது. உண்மைதான். ஆனால் அதன் உடம்பில் பாதி கரி. 500 டிகிரிக்கு மேல் போகப் போகக் கரி காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து எரியத் தொடங்கும். தீ தெரியாது, புகை தெரியாது, கரித்துண்டு சாம்பலாகிற அதே வேலைதான் மெதுவாக நடக்கும். ட்ராக்கில் டிஸ்க் 600, 700 என்று சர்வசாதாரணமாகப் போகும். எங்கள் சோதனை அறையில் கண்ணாடிக்குப் பின்னால் டிஸ்க் முதலில் மங்கலான செங்கல் நிறத்துக்கு வரும், பிறகு பழுத்த மிளகாய், அதற்கும் பிறகு ஆரஞ்சு. விளக்கை அணைத்துவிட்டுப் பார்ப்போம். அந்த ஆரஞ்சில் இரும்பு தேய்கிறது, செராமிக் எரிகிறது. இரும்பு தேய்ந்தால் மெலியும், கருவியை வைத்து அளந்துவிடலாம். செராமிக் எரிந்தால் தடிமன் அப்படியே இருக்கும், உள்ளுக்குள் கரி காணாமல் போயிருக்கும். அதனால்தான் அதைத் தடிமனால் மட்டும் அளக்காமல் எடை போட்டுப் பார்க்கிற வழக்கம் வந்தது.

ஆரம்ப கால மஞ்சள் காலிபர் 911-களை வைத்திருந்த வெளிநாட்டு ட்ராக்காரர்கள் பலர் என்ன செய்தார்கள் தெரியுமா? செராமிக்கைக் கழற்றிப் பழந்துணியில் சுற்றிப் பரணில் வைத்துவிட்டு, அதே அளவில் இரும்பு டிஸ்க் வாங்கிப் போட்டு ஓட்டினார்கள். கார் விற்கும்போது பரணிலிருந்து இறக்கி மாட்டினார்கள். அதற்குப் பிறகு வந்த டிஸ்க்குகள் எவ்வளவோ தேறிவிட்டன, ஆனால் கரி கரிதான்.

இப்போது மச்சானின் கணக்குக்கு வருவோம். புதிதாக வாங்கினால் ஆகிற செலவில் ஒரு பங்குதானே என்கிறார். அந்த டிஸ்க் புதிதாக இருந்தால் அவர் சொல்வது சரி. இந்தக் காரில் அந்த டிஸ்க்கின் ஆயுள் எவ்வளவு மிச்சம் என்று யாருக்குத் தெரியும்? விற்கிறவர் ட்ராக்குக்கே போனதில்லை என்பார். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், நீங்கள்கூட ஒரு நாள் சொல்வீர்கள். பாதி எரிந்த டிஸ்க்காக இருந்தால் நான்கு லட்சம் கொடுத்து ஒரு கடனை வாங்குகிறீர்கள். நான்கு டிஸ்க்கையும் பேடையும் மாற்றுகிற நாளில் ஒரு நல்ல புதுக் காரின் விலை கேட்பார்கள்.

மனது கேட்காமல் மஞ்சளைப் பார்க்கப் போவீர்கள் என்று எனக்குத் தெரியும். போகும்போது ஒரு சின்னக் காந்தமும் டார்ச்சும் கொண்டு போங்கள். சிரிக்காதீர்கள். காலிபருக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்துத் தர எந்த ஊரிலும் ஆள் இருக்கிறார்கள். பேட் உரசுகிற பரப்பில் காந்தத்தை வையுங்கள், ஒட்டிக்கொண்டால் அது இரும்பு, வீட்டுக்குக் கிளம்பலாம். ஒட்டவில்லை என்றால் டார்ச்சைப் பரப்போடு சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நல்ல செராமிக் டிஸ்க்கில் மேலே கம்பளி நூல் துண்டுகளைச் சிதறவிட்ட மாதிரி ஒரு கோலம் தெரியும், விரலால் தடவினால் வழவழப்பாக இருக்கும். அந்த நூல் இருந்த இடங்களெல்லாம் குழி குழியாக, புதிதாகக் கொத்திய அம்மி மாதிரி சொரசொரப்பாக இருந்தால் அந்த டிஸ்க் ட்ராக்கில் நிறைய வெந்திருக்கிறது. டிஸ்க் ஆறின பிறகு தடவுங்கள், அவசரப்பட்டுக் கையைச் சுட்டுக்கொள்ளாதீர்கள்.

விளிம்பையும் முழு வட்டம் சுற்றிப் பாருங்கள். இதில் எனக்கே ஒரு பாடம் உண்டு. பல வருடம் முன்னால், நண்பர் ஒருவரின் காரை ஒரு டயர் கடைக்குக் கொண்டு போயிருந்தேன். செராமிக் டிஸ்க் உள்ள கார். இந்த மாதிரிக் காருக்குச் சக்கரம் மாட்டும்போது போல்ட் துளையில் இரண்டு நீளமான வழிகாட்டிக் கம்பியைத் திருகிவிட்டு, அதன் மேல் சக்கரத்தைச் சறுக்கி உள்ளே தள்ள வேண்டும். கம்பி காரோடு வரும், டிக்கியில் இருக்கும். எடுத்துக் கொடுக்க வேண்டிய நான் போனில் பேசிக்கொண்டிருந்தேன். பையன் எப்போதும் போலச் சக்கரத்தை முட்டுக்கொடுத்துத் தூக்கினான், அது நழுவி டிஸ்க் விளிம்பில் ‘டிங்’ என்றது. இரும்பாக இருந்தால் ஒரு கீறல், அதோடு சரி. இதில் நகம் அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்து கீழே விழுந்தது. அவனுக்கு அது என்னவென்றே புரியவில்லை, எனக்குக் கால் நடுங்கிவிட்டது. தப்பு என்னுடையது, அவனுடையது இல்லை. நண்பரிடம் அதைச் சொல்லப் பட்டபாடு தனிக்கதை.

காந்தமும் டார்ச்சும் முதல் வடிகட்டல்தான். பணம் கொடுக்கும் முன் அளந்தே ஆக வேண்டும். கார்போடெக் என்று ஒரு கைக்கருவி இருக்கிறது. டிஸ்க்கில் குறித்த இடங்களில் வைத்தால் உள்ளே கரி எவ்வளவு மிச்சம் என்பதற்கு ஓர் எண் காட்டும். அதை டிஸ்க்கின் நடுத் தொப்பியில் பொறித்திருக்கும் எண்ணோடு ஒப்பிட வேண்டும். கருவி இல்லாத இடத்தில் டிஸ்க்கைக் கழற்றி, சுத்தம் செய்து, துல்லியமான தராசில் வைத்து, பொறித்திருக்கும் குறைந்தபட்ச எடையோடு பார்ப்பார்கள். விற்கிறவர் இதற்கு ஒப்புக்கொள்ளவில்லை என்றால் மஞ்சளைப் பற்றி மறுபடி யோசிக்கவே வேண்டாம். ஒப்புக்கொண்டு, நான்கு டிஸ்க்கும் நல்ல ஆயுளோடு இருந்து, உங்களுக்கும் அந்தக் கார்தான் வேண்டும் என்றால், வாங்கிவிட்டு அந்த வெளிநாட்டு ஆட்கள் செய்ததைச் செய்யுங்கள். அந்தக் காலிபருக்குப் பொருந்தும் இரும்பு டிஸ்க் ஒரு செட், அதற்கான பேட். செராமிக்குக்கான பேடை இரும்பிலோ, இரும்புக்கானதைச் செராமிக்கிலோ மாற்றிப் போடவே கூடாது. செலவு கூடும், ஆனால் மறுவிற்பனையில் மச்சான் சொன்ன லாபம் கிடைக்க ஒரே வழி அதுதான். அளந்த காகிதம் இல்லாத மஞ்சள் காலிபருக்கு விவரம் தெரிந்தவர் ஒரு ரூபாய் கூடுதலாகத் தரமாட்டார்.

சிவப்பை வாங்கினீர்கள் என்றால் நான்கு லட்சம் கையில் இருக்கும். அதில் சிறு பங்கை இப்படிச் செலவழியுங்கள். முதல் வேலை ஆயில். உலர்ந்த நிலையில் 300 டிகிரிக்கு மேல் கொதிக்கிற ரேஸ் வகை ஆயிலை, காருக்கு ஒத்துப்போகிறதா என்று கேட்டுவிட்டு, முழுக்க மாற்றிப் போடச் சொல்லுங்கள். வருடம் ஒருமுறை, மழைக்காலம் முடிந்ததும் மாற்றுங்கள். பாதி காலியான டப்பாவை அடுத்த வருடத்துக்கு எடுத்து வைக்காதீர்கள், அது டப்பாவுக்குள்ளேயே ஈரம் குடிக்கும். அடுத்தது பேட். கம்பெனி பேட் ரோட்டுக்கு அருமை, ட்ராக்கில் கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்கும். ரோட்டுக்கும் ட்ராக்குக்கும் நடுத்தரமாகச் சூடு தாங்கும் பேட் கிடைக்கிறது, கொஞ்சம் கீச்சிடும், தூசி கொட்டும். பேட் பாதி தேய்ந்ததுமே மாற்றுகிறவன் நான். மெலிந்த பேட் சூட்டைத் தடுக்காது, நேராகப் பிஸ்டன் வழியாக ஆயிலுக்கு அனுப்பிவிடும். உங்கள் எட்டாவது சுற்றில் அதற்கும் ஒரு பங்கு இருந்திருக்கலாம்.

புதுப் பேடைப் போட்டதும் நேராக விரட்டாதீர்கள். ட்ராக்கில் முதல் செஷனை அதற்கென்றே ஒதுக்கி, மிதமாக ஆரம்பித்து, ஒவ்வொரு மிதியையும் கொஞ்சம் கூட்டி, முழுக்க நிற்காமல் வேகத்தைக் குறைத்துக் குறைத்துப் பத்துத் தடவை செய்துவிட்டு ஆறவிடுங்கள். பேடின் மெல்லிய படலம் டிஸ்க்கில் ஒரே சீராக ஒட்டும். சீராக ஒட்டாமல் திட்டுத் திட்டாக ஒட்டினால்தான் பிறகு ஸ்டியரிங் உதறும். கேட்டால் ‘டிஸ்க் வளைஞ்சு போச்சு, லேத் போடணும்’ என்பார்கள். பெரும்பாலும் அது வளைந்திருக்காது, திட்டுதான். செஷன் முடிந்து உள்ளே வருவதற்கு முன் ஒரு சுற்றைப் பிரேக்கே மிதிக்காமல் மெதுவாக ஓட்டி வாருங்கள். ட்ராக்கை ஒட்டி வண்டி நிறுத்துகிற பிட்டில் நிறுத்தியதும் பெடலிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். கொதிக்கும் டிஸ்க்கைப் பேட் கவ்விக்கொண்டே நின்றால் அதே இடத்தில் அச்சு விழும். கார் நகருமே என்றால் லாரிக்காரர் வழிதான், சக்கரத்துக்கு ஒரு கல்.

சிவப்புக் காரைப் பார்க்கும்போதும் கவனிக்க ஒன்று இருக்கிறது. அந்த இரும்பு டிஸ்க்கில் வரிசையாகத் துளை போட்டிருக்கும். ட்ராக்கில் அடிபட்ட டிஸ்க்கில் துளையிலிருந்து துளைக்கு முடி மாதிரி வெடிப்பு ஓடும். ஒரு துளையைச் சுற்றி மயிரிழை இருந்தால் பேரம் பேசக் காரணம் கிடைத்தது. இரண்டு துளையை இணைத்துவிட்டாலோ விளிம்பை எட்டிவிட்டாலோ அந்த டிஸ்க் முடிந்தது. தொப்பியில் குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும், கருவியை வைத்து அளந்துவிடலாம். புது டிஸ்க் போட வேண்டியிருந்தாலும் பயப்படாதீர்கள். செராமிக் ஒரு செட் வாங்குகிற பணத்தில் இரும்பு டிஸ்க் பல செட் வாங்கி, பல வருடம் கவலையில்லாமல் கரி ட்ராக்கில் தேய்க்கலாம்.

இப்போதைய காரை விற்பதற்கு முன் அதில் பிரேக் ஆயிலை மாற்றிவிடுங்கள். வாங்குகிறவரும் ஊட்டிக்குப் போவார்.